பேயும் சாட்சியும்: ‘பார்கவி நிலையம்’ – ஒரு மீள்நோக்கு

ஆளரவமற்ற வீட்டையும் பாழ்ங்கிணற்றையும் பேயோடு தொடர்புபடுத்திப் பேசுதல் தமிழரிடையேயும் மலையாளிகளிடையேயும் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். அவ்வழக்கையே பொருளாகக் கொண்டு, அதனைக் கேள்விக்குட்படுத்திய திரைப்படம் 1964ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பார்கவி நிலையம்’. மலையாளத்தின் முதற் பேய்ப்படம் எனப் பொதுவாகக் கருதப்படும் இப்படம், அச்சம் எவ்வாறு உருவாக்கப்படுகின்றது என்பதை ஆராயும் முறையினாலேயே இன்றும் நினைக்கத்தக்கதாகின்றது.

இதன் மூலம் வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய ‘நீலவெளிச்சம்’ என்னும் சிறுகதை. திரைக்கதையையும் அவரே எழுதினார். நெறியாள்கை செய்த ஏ. வின்சென்ற் தமிழ் இரசிகர்களுக்குப் புதியவரல்லர். முற்பிறவிக் கதையைக் கூறிய ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) படத்தின் ஒளிப்பதிவாளர் அவரே. ‘பார்கவி நிலையம்’ அவர் நெறியாள்கை செய்த முதற் படமாகும்.

எழுத்தாளன் ஒருவன் நெடுநாள் பூட்டிக்கிடந்த வீடொன்றில் வாடகைக்குக் குடியேறுகிறான். காதலில் ஏமாற்றமடைந்து கிணற்றில் விழுந்து இறந்த பார்கவியின் ஆவி அங்கே உலவுவதாக ஊரார் எச்சரிக்கின்றனர். அவனோ ஓடவில்லை, புலனாகாத அப்பெண்ணுடன் மரியாதையோடு பேசத் தொடங்குகிறான். வீட்டிற் கிடைத்த கடிதங்களைக் கொண்டு அவள் வரலாற்றை எழுதுகிறான். அதன்வழி உண்மை வெளிப்படுகின்றது. பார்கவியின் காதலனை நஞ்சூட்டிக் கொன்றவன் அவளுடைய உறவினனே. அவளைக் கிணற்றில் தள்ளியவனும் அவனே. தற்கொலை என்று ஊர் நம்பிய கதை, கொலைகாரனுக்கு அரணாக இருந்த கதையேயாகும்.

சிறுகதையின் உச்சம் விளக்கணைந்த அறையில் நிறைந்திருக்கும் நீலநிற ஒளி. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் அந்நிறத்தைக் காட்டுதல் இயலாது. எனவே வின்சென்ற் நிழலையும் நிலவொளியையும் வெண்ணிற ஆடையையும் நம்பினார். குறைந்த கருவிகளும் ஒரு வீடும் ஒரு கிணறும் அவருக்குப் போதுமாயிருந்தன. அதே கதை 2023இல் வண்ணத்தில் மீண்டும் படமாக்கப்பட்டபோது நீலம் திரைக்கு வந்தது. ஆயினும் முதற்படத்தின் இருளுக்கு இருந்த அழுத்தம் தனியானது.

இதே காலப்பகுதியில் அமெரிக்காவிலும் ஜோர்ஜ் றொமேரோ 1968இல் சிறுமுதலீட்டில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமொன்று, பிணங்களுக்குத் தப்பிய கறுப்பின நாயகன் மனிதரின் துப்பாக்கிக்கு இரையாவதாக முடிந்தது. இரு படங்களும் அச்சத்தின் திசையை இறந்தோரிடமிருந்து உயிருள்ளோரிடம் திருப்பின எனலாம்.

வன்னியிலிருந்து நோக்குமிடத்து இப்படம் வேறொரு பொருளும் பெறுகின்றது. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் இரணைமடுவைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் போரினாற் பெயர்ந்தனர். மீள்குடியேறியோர் கண்டவை கூரையிழந்த வீடுகளும் பற்றைமூடிய வளவுகளும், இறைத்துத் துப்புரவு செய்தபின்னரே பயன்படுத்தக்கூடிய கிணறுகளுமாகும். அத்தகைய வீட்டைப் பேய்வீடு என்று கூறிவிட்டால், அங்கு வாழ்ந்தவர் யார், ஏன் திரும்பவில்லை என்ற வினாக்கள் அத்துடன் நின்றுவிடும். பஷீரின் எழுத்தாளன் செய்தது அவ்வினாக்களைத் தொடர்ந்து கேட்டமையே. கடிதத்தையும் நிழற்படத்தையும் சான்றாகக் கொண்டு, ஊர்க்கதையை ஐயுற்று, இறந்தவளின் தரப்பை எழுதிய அவனது பணி வரலாற்று மாணவனின் பணியிலிருந்து வேறுபட்டதன்று.