ஒரு பழைய பெயரும் பன்னிரண்டு பாட்டுகளும்

1997 யூலையில் ஸ்கொட்லாந்தின் 'டீனேஜ் ஃபான்கிளப்' குழு ஒரு அல்பம் வெளியிட்டது. பெயர் 'சோங்ஸ் ஃப்ரம் நோர்தர்ன் பிரிட்டன்', அதாவது வட பிரித்தானியப் பாட்டுகள். சும்மா பார்த்தால் சாதுவான தலைப்பு. கொஞ்சம் வரலாறு தெரிந்தால் அதில் இருக்கிற பகிடி விளங்கும்.

1707இல் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் ஒன்றாக்கப்பட்டன. எடின்பரோவில் இருந்த நாடாளுமன்றம் இல்லாமல் போனது. அதன்பிறகு ஸ்கொட்லாந்தை 'வட பிரித்தானியா' என்று சொல்லும் வழக்கம் பரவியது. 19ஆம் நூற்றாண்டில் கடித முகவரிகளில்கூட எடின்பரோவுக்குப் பக்கத்தில் 'என்.பி.' என்று எழுதினார்கள். ஒரு பெரிய ரயில் கம்பனிக்கும் அதே பெயர். ஆனால் இங்கிலாந்தைத் 'தென் பிரித்தானியா' என்று கூப்பிடும் வழக்கம் நிலைக்கவேயில்லை. ஆருடைய பெயர் மாறவேண்டி வந்தது என்று பார்த்தாலே ஆருடைய கை ஓங்கியிருந்தது என்று தெரிந்துவிடும்.

1979இல் ஸ்கொட்லாந்துக்கெனத் தனிச் சபை வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 51.6% பேர் ஆம் என்றார்கள். ஆனாலும் பதிவுசெய்த வாக்காளர் எல்லோரிலும் 40% பேர் ஆதரிக்கவேணும் என்ற நிபந்தனை அதைத் தோற்கடித்தது. பிறகு 18 வருடம் கொன்சர்வேற்றிவ் ஆட்சி. 1992இல் மதர்வெல்லின் ரேவன்ஸ்கிரெய்க் உருக்காலையும் மூடப்பட்டது. இந்தக் குழு தொடங்கிய பெல்ஸ்ஹில் அதற்குப் பக்கத்து ஊர்.

இவ்வளவுக்கும் அல்பத்தில் கோஷமே இல்லை. நோர்மன் பிளேக், ஜெரார்ட் லவ், ரேமண்ட் மக்கின்லி மூவரும் பாட்டு எழுதி, மூவரும் பாடுகிறார்கள். மினுங்கும் கிற்றார், ஒன்றோடொன்று இழையும் குரல்கள், அவசரமில்லாத மெட்டு. அதே 'கிரியேஷன்' நிறுவனத்தின் ஒயாசிஸ் குழு யூனியன் ஜாக் கொடி வரைந்த கிற்றாரோடு மேடையேறிய காலம் அது. இவர்களோ காதல், குளிர்காலம், வீடு பற்றிப் பாடினார்கள். ஒரு பாட்டின் தலைப்பு, நான் எங்கிருந்து வருகிறேன் என்ற கேள்விக்கு உன் அன்பிலிருந்துதான் என்கிறது. ஊர்ப் பெயரை அரசாங்கம் மாற்றலாம், அந்தப் பதிலை ஆரும் மாற்ற ஏலாது என்றுதான் எங்களுக்குக் கேட்கிறது.

அல்பம் பிரித்தானியப் பட்டியலில் 3ஆம் இடத்தைப் பிடித்தது. செப்ரெம்பர் 11 அன்று மறுபடி வாக்கெடுப்பு. இம்முறை 74.3% பேர் தங்களுக்கு நாடாளுமன்றம் வேண்டும் என்றார்கள். பாட்டு வாக்கை மாற்றியது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் திணித்த பெயரைப் பார்த்துச் சிரிக்கும் துணிவு ஒரு சனத்துக்கு எப்ப வரும் என்று அறிய, இந்தப் பன்னிரண்டு பாட்டையும் ஒருக்கா கேட்டுப் பாருங்கோ.