பசிக்குப் பதிந்த பெயர்கள்

பள்ளியில் ஹிரோஷிமாவை நான் ஒரு கணக்காகத்தான் படித்தேன்: குண்டு போட்டார்கள், பல்லாயிரம் பேர் செத்தார்கள், போர் முடிந்தது. அந்தக் கணக்கில் பெண்கள் எங்கே என்று பின்னால்தான் தேடினேன்.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவிலும், மூன்று நாள் கழித்து நாகசாகியிலும் குண்டு விழுந்தது. பிழைத்தவர்களை ஆராய அமெரிக்கா ஓர் ஆணையத்தை அமைத்தது. அது பரிசோதித்தது, சிகிச்சை தரவில்லை. உணவுத் தட்டுப்பாட்டுக் காலம் அது. ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பிணிகள் பெயர் பதிந்தால் கூடுதல் ரேஷன் கிடைத்தது. அந்தப் பதிவின் வழியாகவே ஆணையம் அவர்களை எட்டியது. பசிக்காக வந்தவள் ஆய்வுப் பொருளானாள். 1948 முதல் 1954 வரை 70,000-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் அதன் ஏடுகளில் ஏறின.

பிள்ளைகளிடம் தெளிவான மரபணுப் பாதிப்பு எதையும் அந்த ஆய்வு காணவில்லை. இருந்தும், ஊனமான குழந்தை பிறக்கும் என்ற பயத்தில் ‘குண்டுபட்டவள்’ வேண்டாம் என்றார்கள். அன்று அந்த ஊரில் இருந்ததையே மறைத்துக் கல்யாணம் செய்துகொண்ட பெண்கள் உண்டு.

போரை முடித்த குண்டு என்று இன்றும் நியாயம் பேசுகிறார்கள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் பயந்தே போன அந்தப் பெண்களுக்குப் போர் எந்தத் தேதியில் முடிந்தது?