பானகம் நடந்த வழி

அழகர் வைகைக்கு எழுந்தருளும் சித்திரைத் திருவிழாவில், மதுரைத் தண்ணீர்ப்பந்தல்களில் பானகம் பருகியவர்கள் அதனைத் தமிழ்நாட்டிற்கே உரிய பொருளென்று எண்ணுதல் இயல்பு. ஆயினும் தொழிலை நாடி வெளி மாநிலங்களில் குடியேறியிருக்கும் நம்மவர், அண்டை வீட்டார் பேச்சுக்குச் சற்றே செவிகொடுப்பாராயின், அப்பெயரை அங்கும் கேட்பர். கன்னடத்தில் அது பானக; தெலுங்கில் பானகம்; மராட்டியர் மாங்காயை வேகவைத்துச் செய்வது பன்ஹே; இந்தி வழங்கும் நாட்டில் பன்னா; ஒடியாவில் பணா. யாவும் பானகம் என்னும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை.

இப்பானத்தின் வரலாறு நெடியது. பௌத்தத் துறவியர்க்கு நண்பகலுக்குப்பின் உணவு விலக்கு. அவ்வேளையில் அவர்கள் அருந்தத்தக்க எட்டுப் பானங்களை விநய பிடகத்தின் மகாவக்கம் கூறுகிறது. மா, நாவல், வாழை, திராட்சை ஆகியவற்றின் சாறுகள் அவற்றுட் சில. அச்சாற்றை மறுநாள் விடியும்வரையே வைத்திருக்கலாம் என்பது விதி. சுசுருதரின் மருத்துவ நூல் வெல்லப் பானகத்தைப் புளிப்புச் சேர்ந்தது, சேராதது என இருவகையாகச் சொல்லி, அது சிறுநீரைப் பெருக்கும் என்கிறது.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. மனுநூல் விலக்கும் மூவகை மதுவில் முதலாவது கௌடி. அதுவும் வெல்லத்திலிருந்து ஆக்கப்படுவதே! வெல்லநீரை அன்றே பருகினால் அது இறைவனுக்கும் படைக்கத்தக்க பானகம், புளிக்கவிட்டால் மது. இரண்டிற்கும் இடையே நிற்பது காலம் ஒன்றே. நம் பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதும் இக்கருத்துப் பற்றியே. சுண்ணாம்பு புளிப்பைத் தடுக்க, பனஞ்சாறு கள்ளாகாமல் பதநீராகவே நிற்கிறது.

பானகம் புலவர் அவைக்கும் சென்றது. 11-ஆம் நூற்றாண்டில் காசுமீரத்தில் வாழ்ந்த மம்மடர், காவியப்பிரகாசம் என்னும் தம் நூலில், கவிதையின் உறுப்புகள் தனித்தனியே தோன்றாமல் ஒன்றாகிச் சுவைதருவதற்குப் பானகச் சுவையையே உவமை காட்டினார். பனி மூடும் நாட்டிலிருந்து இவ்வுவமையைத் தேடியவர், அதனைக் குடித்துப் பாராமல் எழுதியிருப்பார் என்று எமக்குத் தோன்றவில்லை.

கோயில் வழக்குகளோ பலப்பல. ஆந்திரத்து மங்களகிரியில் நரசிம்மரின் திருவாயில் சங்கினாற் பானகம் வார்ப்பர். பாதியை ஏற்று மீதியைப் பெருமான் அடியார்க்கு அருள்வதாக நம்பிக்கை. பெங்களூரில் இராமநவமியன்று பானகம், நீர்மோர், பருப்புக் கோசம்பரி மூன்றையும் வழிப்போவார்க்கெல்லாம் வழங்குவர். நாம் தமிழ்ப் புத்தாண்டு கொண்டாடும் மேட சங்கராந்தியே ஒடிசாவில் பணா சங்கராந்தி. அன்று அடியில் துளையிட்ட மண்கலத்தில் பணா நிரப்பித் துளசிச் செடியின்மேல் தொங்கவிடுவர். சொட்டும் துளிகள் வரவிருக்கும் மழைக்கு அடையாளம். வில்வப் பழத்தின் சதையைக் கரைத்துச் செய்யும் பணா அன்று சிறப்பு. புவனேசுவரத்தில் வாழும் தமிழர் அந்நாளில் ஒரு செம்பு பானகத்தை அயல்வீட்டிற்குக் கொடுத்தனுப்பினால், இன்னதென்று விளக்கவேண்டிய தேவையே இராது.

விருந்தினர்முன் கடைக் குப்பிகளை வைப்பதே மரியாதை என்று கருதப்படும் இந்நாளில், வெல்லநீரைக் கொடுக்கப் பலர் கூசுகின்றனர். கூச்சத்திற்குக் காரணம் யாதென்று எமக்கு விளங்கவில்லை. செய்முறையோ மிக எளிது. 200 கிராம் வெல்லத்தைத் தட்டி 1 லிட்டர் குளிர்ந்த நீரிற் கரைக்கவேண்டும், அடுப்பு வேண்டா. வெல்லத்தில் மண் இருக்குமாதலால் மெல்லிய துணியில் வடிகட்டுதல் இன்றியமையாதது. அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, பொடித்த ஏலக்காய் 4, எலுமிச்சம்பழம் 1 பிழிந்த சாறு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் போதும். எலுமிச்சை அரிதான ஊரில் சிறிது புளிக்கரைசல் உதவும். வடநாட்டுக் கடைகளில் சுக்கை 'சோண்ட்' என்று கேட்கவேண்டும். மராட்டியத்தில் இருப்போர்க்குக் கோலாப்பூர் வெல்லம் கைக்கெட்டும். வங்கத்தில் இருப்போர் ஈச்சவெல்லத்திற் செய்து பார்க்கலாம், மணமே வேறு. மண்பானையில் ஊற்றி ஈரத்துணி சுற்றிவைத்தால் தானே குளிரும். காலையிற் கரைத்ததை மாலைக்குள் பருகிவிடவேண்டும். மீந்ததை மறுநாளைக்கு எடுத்துவைத்தல் ஆகாது.