பிரெஞ்சு நாகரிகப் பாடம்: பாதி வகுப்பறையில், பாதி இயங்கலையில்

மலேசியாவில் ஓரிரு ஆண்டுகள் படித்துவிட்டு அமெரிக்கக் கல்லூரிக்கு மாறும் மாணவர்கள், பொறியியலோ வணிகமோ எதை முதன்மையாக எடுத்தாலும், வரலாறு, பண்பாடு போன்ற துறைகளிலும் சில பாடங்களை முடித்தால்தான் பட்டம் பெற முடியும். அந்தப் பொதுப் பாடங்களின் பட்டியலில் பல கல்லூரிகளில் இடம்பெறும் ஒன்று, பிரெஞ்சு நாகரிகம்.

இந்தப் பாடம் சில இடங்களில் கலப்பு முறையில் நடத்தப்படுகிறது. அதாவது, ஒரு பகுதி வகுப்பறையில், மறுபகுதி இயங்கலையில். 'பாதி வகுப்புதானே, சுலபமாக இருக்கும்' என்று எண்ணிப் பதிந்துகொள்வோர் உண்டு. தேர்ச்சி பெறாவிட்டால் அதே பாடத்துக்கு மீண்டும் டாலரில் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். ரிங்கிட்டில் கணக்குப் பார்க்கும் பெற்றோருக்கு அது சிறிய தொகை அல்ல. எனவே, பதிவதற்கு முன் இந்தப் பாடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது.

வாரத்துக்கு 9 மணி நேரம்

பொதுவாக இது 3 கிரெடிட் பாடம். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் 1 மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே குறைந்தது 2 மணி நேர சொந்த உழைப்பு, ஏறத்தாழ 15 வாரங்கள் என்பது அமெரிக்கக் கல்லூரிகளின் அடிப்படைக் கணக்கு. ஆகவே, 3 கிரெடிட் என்றால் வாரத்துக்கு 9 மணி நேரம். ஒரு பருவத்துக்கு 135 மணி நேரம்.

கலப்பு முறையில் இந்த மொத்த நேரம் குறைவதில்லை; அது கழியும் இடம்தான் மாறுகிறது. வாரத்தில் ஒரு நாள் விரிவுரையாளர் முன் அமர்ந்து விவாதம் செய்ய வேண்டியிருக்கும். மற்ற நாளுக்கு ஈடாகப் பதிவுசெய்த விரிவுரை, வாசிப்பு, சிறு புதிர்த்தேர்வு, எழுத்துவழிக் கலந்துரையாடல் ஆகியவை கல்லூரியின் கற்றல் தளத்தில் இருக்கும். அந்தப் பகுதியை முடிக்காமல் வகுப்புக்குப் போனால், அங்கு பேச எதுவும் இருக்காது.

என்ன படிக்கிறார்கள்?

பெயரைப் பார்த்து இது மொழி வகுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு நாடு எப்படி உருவானது, அதன் மக்கள் தங்களை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதே பாடம்.

பெரும்பாலும் 1940-இல் கண்டுபிடிக்கப்பட்ட லாஸ்கோ குகை ஓவியங்களில் தொடங்கும். கி.மு. 52-இல் அலேசியாவில் ஜூலியஸ் சீசரிடம் கால் இனத்தவர் தோற்றது, 800-இல் சார்லமேனின் முடிசூட்டு ஆகியவை விரைவாகக் கடந்து போகும். அதன் பிறகு வேகம் குறையும். 1539-இல் முதலாம் பிரான்சுவா மன்னர் நீதிமன்ற, அரசு ஆவணங்களைப் பிரெஞ்சு மொழியில் எழுத ஆணையிட்டார். 1635-இல் மொழியைக் காக்க பிரெஞ்சு அகாடமி அமைக்கப்பட்டது. 1682-இல் பதினான்காம் லூயி தம் அரசவையை வெர்சாய் அரண்மனைக்கு மாற்றினார்.

பாடத்தின் மையம் 1789 புரட்சி. அந்த ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் தேதி ஏற்கப்பட்ட மனித உரிமைப் பிரகடனம், 1804-இல் நெப்போலியன் கொண்டுவந்த குடிமையியல் சட்டம், 1881-82-இல் வந்த இலவச, கட்டாயக் கல்விச் சட்டங்கள், 1905-இல் சமயத்தையும் அரசையும் பிரித்த சட்டம், 1958-இல் பிறந்த ஐந்தாம் குடியரசு என்று வரிசை நீளும்.

சமத்துவம் யாருக்கு?

ஆண்டுகளை மனப்பாடம் செய்து எஸ்.பி.எம். எழுதிப் பழகியவர்களுக்கு இங்குதான் சிரமம் தொடங்குகிறது. தேர்வில் 'புரட்சி எப்போது நடந்தது?' என்று கேட்க மாட்டார்கள். 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற முழக்கம் யாரை உள்ளடக்கியது, யாரை வெளியே நிறுத்தியது?' என்றுதான் கேட்பார்கள்.

சான்றுகள் பாடத்திலேயே உள்ளன. 1791-இல் பெண்களுக்கான உரிமைப் பிரகடனத்தை எழுதிய ஒலாம்ப் தெ கூஜ் 1793-இல் கில்லட்டினில் கொல்லப்பட்டார். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை 1944-இல்தான் கிடைத்தது. குடியேற்ற நாடுகளில் 1794-இல் ஒழிக்கப்பட்ட அடிமை முறையை 1802-இல் நெப்போலியன் மீண்டும் கொண்டுவந்தார். அது இறுதியாக ஒழிந்தது 1848-இல்.

அடிமைகள் விடுதலையானதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். கரீபியன் தீவான குவாதலூப்புக்கு மட்டும் 1854 முதல் 40 ஆயிரத்துக்கும் அதிகமான இந்தியர்கள் போய்ச் சேர்ந்தனர். அவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சு மண்ணில் பிறந்தும் குடிமக்களாக ஏற்கப்படவில்லை. 1863-இல் அங்கு பிறந்த ஹென்றி சிதம்பரம், அவர்களின் வாக்குரிமைக்காக 1904-இல் சட்டப் போராட்டத்தைத் தொடங்கினார். 1923-இல்தான் வெற்றி கிட்டியது.

சஞ்சிக்கூலிகளாக மலாயாவுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. ஆனால், இது பிரெஞ்சு வரலாற்றின் ஒரு பகுதியும்தான் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

இடுபணிக்கு ஏற்ற தலைப்பு

மதிப்பெண்ணில் பெரும் பங்கு பருவ இறுதி ஆய்வுக் கட்டுரைக்குப் போகும். சில விரிவுரையாளர்கள் பிரெஞ்சுப் பள்ளி மரபிலான கட்டுரையைக் கேட்பார்கள். அதில் முதலில் ஒரு கருத்து, பிறகு அதற்கு எதிரான கருத்து, இறுதியில் இரண்டையும் சீர்தூக்கிய முடிவு என்ற அமைப்பு இருக்க வேண்டும்.

தலைப்பைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் நாட்டின் முதல் வணிக முறைச் செம்பனை நடவைத் தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயாத் தோட்ட வாழ்வைப் பின்னணியாகக் கொண்டு அவர் எழுதிய 'மலேஸி' நாவல், பிரான்சின் உயரிய இலக்கிய விருதான கொன்கூர் பரிசை 1930-இல் வென்றது. தமிழ்த் தொழிலாளர்களும் அக்கதையில் வருகிறார்கள். தோட்டத் துரையின் பார்வையில் அவர்கள் எப்படித் தெரிந்தார்கள் என்று எழுத, தோட்டத்துப் பிள்ளையை விடப் பொருத்தமானவர் வகுப்பில் இருப்பது அரிது.

ஆதாரங்களுக்குப் பாரிஸ் போகவும் தேவையில்லை. பிரெஞ்சு தேசிய நூலகத்தின் 'கலிக்கா' மின்னூலகம் 1997 முதல் இலவசமாகத் திறந்திருக்கிறது. லூவர் அருங்காட்சியகம் 2021-இல் தன் சேகரிப்பில் 4 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலைப்பொருள்களின் விவரங்களை இணையத்தில் ஏற்றியது.

பதிவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, மொழி. சில கல்லூரிகள் இதை ஆங்கிலத்தில் நடத்துகின்றன. 300-ஆம் நிலைப் பாடமாக இருந்தால், பெரும்பாலும் முழுவதும் பிரெஞ்சில் நடக்கும். சில பருவங்கள் மொழி படித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, விசா. எஃப்-1 மாணவர் விசாவில் இளங்கலை பயில்பவர் பொதுவாக ஒரு பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். அதில் முழுக்க இயங்கலையில் நடக்கும் பாடம் ஒன்று, அல்லது 3 கிரெடிட் மட்டுமே கணக்கில் சேரும். நேரில் வர வேண்டிய கட்டாயம் உள்ள கலப்புப் பாடத்துக்கு இந்த வரம்பு பொருந்தாது. பாடம் எந்த வகையில் பதிவாகியுள்ளது என்பதைக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, கிரெடிட் மாற்றம். வேறு கல்லூரிக்கு மாறும் எண்ணம் இருந்தால், அங்கு இந்தப் பாடம் ஏற்கப்படுமா, குறைந்தபட்சத் தரம் என்ன என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுவது பாதுகாப்பு. பல இடங்களில் 'சி' தரத்துக்குக் குறைந்தால் ஏற்பதில்லை.

நான்காவது, தேதிகள். கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள், பாடத்திலிருந்து விலகக் கடைசி நாள் இரண்டும் வெவ்வேறு. முதல் வாரத்திலேயே இரண்டையும் நாள்காட்டியில் குறித்துவிட வேண்டும்.

இயங்கலைப் பகுதிக்கும் வகுப்பைப் போலவே ஒரு நிலையான கிழமை, ஒரு நிலையான மணி ஒதுக்குவது பலன் தரும். இரவு 11.59-க்கு இடுபணி அனுப்பலாம் என்று விட்டுவைத்தால், இணையத் தொடர்பு கைவிடும்போது விரிவுரையாளரிடம் சொல்ல நல்ல காரணம் இருக்காது. புரியாத இடத்தை விரிவுரையாளரின் சந்திப்பு நேரத்தில் கேட்கத் தயங்கக் கூடாது. கேள்வி கேட்பவரைத்தான் இந்தப் பாடம் எதிர்பார்க்கிறது.