உப்பும் ஜிம்புவும்

நம் வீட்டில் வெங்காய வடகம் பொரிந்தால் அடுத்த வீட்டுக்காரர் மூக்கைத் தூக்குவார். நேபாளத்தில் அந்தப் பெருமை ஜிம்புவுக்கு. முஸ்தாங், டோல்போ மலைகளில் தானாக முளைக்கும் வெங்காய இனத்துத் தழை அது. ஆனி முதல் ஆவணி வரை பறித்து, நிழலில் உலர்த்துகிறார்கள். பார்வைக்கு வைக்கோல்தான். ஒரு சிட்டிகையைக் காய்ந்த நெய்யில் போட்டு, கறுப்பதற்குள் உளுத்தம் பருப்பில் கொட்டிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் கரிதான் மிச்சம்.

முஸ்தாங்கிலிருந்து இறங்கும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் துகுச்சே என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் அங்கே பேச்செல்லாம் உப்புதான். வடக்கேயிருந்து திபெத்திய உப்பு இறங்கும். தெற்கேயிருந்து தானியம் ஏறும். நடுவிலிருந்த தகாலிகள் செல்வச் செழிப்பில் இருந்தார்கள். உப்பு மூட்டைகளை எண்ணியவர்கள் ஒரு பிடி தழையையா கணக்கில் எழுதியிருப்பார்கள்?

1959-இல் திபெத்தில் கிளர்ச்சி மூண்டது. அதன் பின் எல்லை இறுகியது. இந்திய உப்பும் மலையேறி வந்தது. துகுச்சேயின் பெரிய வீடுகள் பல வெறிச்சோடின. தகாலிகள் பலர் தெற்கே இறங்கிப் போக்கராவிலும் காட்மாண்டுவிலும் சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். அந்தக் கடைகளில் இன்றும் பருப்புக்கு முன்னால் ஜிம்பு வாசனை வந்துவிடுகிறது. உப்பு இந்தியாவிலிருந்து வருகிறது. ஜிம்பு மட்டும் இன்னும் மேலேயிருந்துதான்.