வெயில் சொன்ன வைத்தியம்

பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றினால் என்ன ஆகும் என்று நம் கல்லூரி நண்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிலிரூபின் மூளையில் படிந்து உயிரைப் பறிக்கும். பிழைத்தாலும் காது போகும், கை கால் முறுக்கிக்கொள்ளும். 1950-களில் இதற்கு நம்பியிருந்த வழி, குழந்தையின் ரத்தத்தையே மாற்றுவதுதான்.

இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பு, சிஸ்டர் வார்டு. (ஆமாம், பேரே வார்டுதான்!) நல்ல காற்றும் வெயிலும் படட்டும்னு குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவது அவர் வழக்கம். 1956 கோடையில் ஒருநாள், ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்களிடம் ஒரு குழந்தையைத் தயங்கித் தயங்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, ஓரிடத்தில் மட்டும் முக்கோணமாய் மஞ்சள். ஏதோ மருந்து தடவியிருக்கிறார் என்றே பெரிய டாக்டர் நினைத்தார். விஷயம் வேறு: துணி மூடிய இடம் மஞ்சளாகவே இருந்தது, வெயில் பட்ட இடம் வெளுத்துவிட்டது!

சில வாரம் கழித்து, ஜன்னலோர வெயிலில் கிடந்த ரத்தக் குழாயிலும் பிலிரூபின் குறைந்திருந்தது. டாக்டர் கிரெமரும் சகாக்களும் நீல விளக்குத் தொட்டில் செய்து, 1958-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அமெரிக்காவில் லூசியின் ஆய்வு வெளிவந்த 1968-க்குப் பிறகே அது உலகெங்கும் பரவியது. நடுவில் பத்து வருஷம் போயே போச்சு!

இன்று வெயில் போதாது, அளவான நீல ஒளிதான் சிகிச்சை. ஆனால் ரவுண்ட்ஸில் நர்ஸம்மா தயங்கி நின்றால், ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள், நண்பர்களே!