பிரெய்ல் இசைக்குறிமுறை

மேற்கத்திய இசையை ஆறு மேட்டுப் புள்ளிகளைக் கொண்டு எழுதி, பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் முறை இது. இதைப் பிரான்ஸைச் சேர்ந்த லூயி பிரெய்ல் (1809–1852) உருவாக்கினார். அவருடைய எழுத்துமுறை பெற்ற புகழ் இதற்குக் கிட்டவில்லை. ஆனால் 1829இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பிலேயே சொற்களுடன் இசையும் தேவாலயப் பாட்டும் இடம்பெற்றிருந்தன. ஆகவே இசையை எழுத்துமுறையின் பிற்சேர்க்கையாகக் கருதுவது தவறு.

1785இல் தொடங்கப்பட்ட பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில், பார்வையுள்ளோரின் எழுத்துகளையே தாளில் மேடாக அச்சிட்டுக் கற்பித்தனர். நூல்கள் கனத்தன; படிப்பு ஊர்ந்தது; மாணவர் தாமாக எழுத வழியே இல்லை. பின்னர் சார்ல் பார்பியே என்பவர் 12 புள்ளிகள் கொண்ட ஒலிக்குறி முறையைக் கொண்டுவந்தார். அதன் குறி ஒரே தொடுகையில் விரல்நுனிக்குள் அடங்கவில்லை, இசைக்கும் அதில் இடமில்லை. அப்பள்ளி மாணவரான பிரெய்ல் புள்ளிகளை ஆறாகக் குறைத்தார். அவர் செல்லோவும் ஆர்கனும் வாசித்தவர். பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் கலைஞராகப் பணியாற்றியவர். தமக்கே தேவைப்பட்ட கருவியைத்தான் செய்துகொண்டார் எனலாம். இசைக்குறிகள் 1834 அளவில் இன்றைய வடிவத்தை நெருங்கின. பள்ளி அவர் முறையை முறைப்படி ஏற்றது 1854இல், அவர் இறந்து இரண்டாண்டுகள் கழித்து.

இம்முறையில் அச்சு இசையின் ஐந்து கோடுகள் கிடையாது. ஆறு புள்ளிகள் அடங்கிய ஒவ்வொரு கட்டத்திலும் மேல் நான்கு புள்ளிகள் சுரத்தைச் சொல்லும். கீழ் இரண்டும் கால அளவைச் சொல்லும். ஏழு சுரங்களுக்கும் ஆங்கில டி முதல் ஜே வரையிலான எழுத்துகளின் புள்ளி வடிவங்களே பயன்படுகின்றன. ஆறு புள்ளிகளில் கிடைப்பவை 63 குறிகளே என்பதால் ஒரே வடிவம் இரு கால அளவுகளுக்கு உழைக்கும்; எது என்பதைத் தாளக் கணக்கைக் கொண்டு படிப்பவர் தீர்மானிக்க வேண்டும். ஸ்தாயிக்குத் தனிக்குறி உண்டு. சுரம் அடுத்த படிக்கு நகரும்போது அக்குறியை விட்டுவிடலாம். பல சுரங்கள் ஒருசேர ஒலிக்குமிடத்தில் ஒன்றை மட்டும் முழுதாக எழுதி, மற்றவற்றை அதிலிருந்து எத்தனை படி தள்ளி என்று குறிப்பர். பியானோ கலைஞர் ஒரு கையால் படித்து மறு கையால் வாசித்துப் பழகுவார். இரு கைப் பகுதிகளும் மனப்பாடமான பிறகே சேர்த்து வாசிப்பார். இசைநூலைப் பார்த்தபடியே வாசிக்கும் வசதியை இம்முறை தரவில்லை. தந்தது, பிறர் உதவியின்றித் தாமே பாடம் செய்யும் உரிமையை.

அதன் பயன் வேலைவாய்ப்பில் தெரிந்தது. பாரிஸ் பள்ளியில் பயின்றவர்கள் தேவாலய ஆர்கன் கலைஞர்களாகவும் இசை ஆசிரியர்களாகவும் பணியமர்ந்தனர். அதே பள்ளியில் பயின்ற குளோது மொந்தால் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதைத் தொழிலாக்கி, 1836இல் அதுபற்றி நூலும் எழுதினார். அத்தொழில் பல நாடுகளில் பார்வையற்றோரின் பிழைப்பாயிற்று. மூன்று வயதில் பார்வையிழந்த ஸ்பெயின் இசையமைப்பாளர் ஹோவாகின் ரோட்ரிகோ தம் படைப்புகளைப் பிரெய்லில் எழுதி, பின்னர் படியெடுப்பவருக்குச் சொல்லி எழுதவைத்தார். பார்வையற்ற ஜெர்மானிய ஆர்கன் மேதை ஹெல்முட் வால்கா இதற்கு விலக்கு. பிறர் வாசிக்கக் கேட்டே இசையமைப்பாளர் பாக்கின் படைப்புகளை மனத்தில் ஏற்றிக்கொண்டார்.

நாட்டுக்கு நாடு வேறுபட்ட குறிகளை ஒழுங்குபடுத்த 1888இல் கொலோனிலும் 1929, 1954 ஆண்டுகளில் பாரிஸிலும் கூடிப் பேசினர். சுரங்களை எழுத்துகளாகவே எழுதும் கர்நாடக இசைக்குத் தமிழ்ப் பிரெய்லே பெரிதும் கைகொடுக்கும். எழுத்தாணியால் குத்துவதோடு, 1951இல் பெர்கின்ஸ் பிரெய்லர் தட்டச்சுப்பொறியும் வந்தது. இன்று அச்சு இசையைப் பிரெய்லாக மாற்றும் மென்பொருள்களும், புள்ளிகள் எழுந்து தாழும் மின்னணுப் பலகைகளும் உள்ளன. பார்வையற்றோருக்கான படிகளைக் பதிப்புரிமைத் தடையின்றி உருவாக்க வழிசெய்யும் 2013ஆம் ஆண்டின் மராகேஷ் உடன்படிக்கை இசைக்குறிகளையும் உள்ளடக்குகிறது. அதற்கு முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியா (2014).